ஆஃப்-ரோடு புல்வெட்டி வண்டிக்குச் சொந்தமாக வீல் ஹப் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டியின் கத்தித் தட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, பெரிய டயர் மாட்டி, மேட்டிலும் சேற்றிலும் ஓட்டிப் பார்க்க நினைப்பவர்கள் சீக்கிரமே வந்து நிற்கும் இடம் வீல் ஹப். ஏடிவி (கரடுமுரடான தரையில் ஓடும் சிறிய நான்கு சக்கர வண்டி) ரிம்மை வாங்கி வந்தாயிற்று, ஆனால் அதைப் புல்வெட்டியின் ஆக்சிலில் மாட்ட வழியில்லை. அந்த இடைவெளியை நிரப்பும் ஹப்பை வீட்டுப் பட்டறையில் செய்வது பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. லேத் (கடைசல் இயந்திரம்) வைத்திருப்பவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

ஏடிவி ரிம்மை நேரடியாக மாட்ட முடியாதா?

முடியாது. புல்வெட்டியின் பின் சக்கரத்தில் ரிம்மும் ஹப்பும் ஒரே உடம்பு. ரிம்மின் நடுவில் ஒரு குழாய் பற்றவைக்கப்பட்டிருக்கும். அது ஆக்சிலில் சொருகி, ஒரு கீயால் (இரண்டுக்கும் நடுவே சொருகும் சதுரக் கம்பித் துண்டு) சுழற்சியை வாங்கிக்கொள்ளும். வெளிப்பக்கம் ஒரு வாஷரும் கிளிப்பும் சக்கரம் கழன்று போகாமல் பிடித்திருக்கும். ஏடிவி ரிம்மில் அந்தக் குழாயே கிடையாது. நடுவில் பெரிய ஓட்டை, சுற்றிலும் நான்கு போல்ட் துளை, அவ்வளவுதான். ஆக ஒரு முனையில் ஆக்சிலையும் மறுமுனையில் நான்கு போல்ட்டையும் பிடிக்கிற ஒரு பொருள் வேண்டும். ஒரு தடித்த குழாய், அதோடு சேர்ந்த ஒரு வட்டத் தட்டு. ஹப் என்பது அவ்வளவுதான்.

என் ஆக்சில் என்ன அளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெரும்பாலான சிறிய புல்வெட்டிகளில் பின் ஆக்சில் முக்கால் இஞ்ச், அதாவது 19.05 மி.மீ. கனமான தோட்ட டிராக்டர் வகைகளில் 1 இஞ்ச், 25.4 மி.மீ. முக்கால் இஞ்சுக்குக் கீ அகலம் பெரும்பாலும் 3/16 இஞ்ச் (4.76 மி.மீ), 1 இஞ்சுக்குக் கால் இஞ்ச் (6.35 மி.மீ).

பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய வண்டியின் ஆக்சில் தேய்ந்திருக்கலாம், துரு தின்றிருக்கலாம். எமரித் தாளால் பளபளப்பாகத் துடைத்துவிட்டு, மைக்ரோமீட்டரால் உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் என்று மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். கீவே, அதாவது கீ உட்காரும் பள்ளம், ஆக்சிலில் எவ்வளவு நீளம் ஓடுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இதைப் பலர் அளப்பதே இல்லை. ஹப்பின் நீளத்தைக் கடைசியில் முடிவு செய்வது இந்த எண்தான்.

ரிம்மின் போல்ட் வட்டம் என்ன அளவு?

ஏடிவி ரிம்களில் அதிகம் தென்படுவது 4×110. நான்கு துளைகளின் மையங்களும் 110 மி.மீ விட்டமுள்ள வட்டத்தில் உட்காரும் என்று பொருள். பட்டறை மொழியில் இந்த விட்டம்தான் பிசிடி. 4×115, 4×137, 4×156 ஆகியவையும் உண்டு. கோல்ஃப் வண்டி ரிம்கள் 4 துளை, 4 இஞ்ச், அதாவது 101.6 மி.மீ.

நான்கு துளை ரிம் என்றால் அளப்பது சுலபம். எதிரெதிர் துளைகளின் உள் விளிம்புகளுக்கு இடையே வெர்னியரால் அளந்து, ஒரு துளையின் விட்டத்தைக் கூட்டினால் பிசிடி கிடைக்கும். ஐந்து துளை ரிம்மில் எதிர்த்துளை இல்லாததால், பக்கத்துப் பக்கத்துத் துளை மையங்களின் தூரத்தை 1.701-ஆல் பெருக்க வேண்டும்.

ஹப் செய்ய எந்த உலோகம்?

எம்எஸ், அதாவது மைல்டு ஸ்டீல். நன்றாக வெல்ட் ஆகும், எளிதாகக் கடையலாம், அளவுக்கு மீறி அடிபட்டால் உடனே உடையாமல் வளைந்து காட்டிக்கொடுக்கும். முக்கால் இஞ்ச் ஆக்சிலுக்கு 38 மி.மீ உருளைக் கம்பியைத் துளைத்துக்கொள்ளலாம். சுவர் 9.5 மி.மீ நிற்கும், கீவே வெட்டிய இடத்திலும் 7 மி.மீ மிஞ்சும். 1 இஞ்ச் ஆக்சிலுக்கு 50 மி.மீ கம்பி. தட்டுக்கு 10 மி.மீ பிளேட். 6 மி.மீ போதும் என்பவர்கள் உண்டு, இலகுவான வண்டிக்குப் போதும்தான். ஆனால் 10 மி.மீ இருந்தால் அதிலேயே மரை வெட்டி ஸ்டட் (தட்டிலிருந்து நிரந்தரமாக நீட்டி நிற்கும் மரைக்கம்பி) போடலாம். அதற்காகவே நான் தடித்ததை விரும்புவேன்.

பழைய பெல்ட் புல்லியின் நடுப்பகுதியில் கீவே தயாராக இருக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். அது பெரும்பாலும் வார்ப்பிரும்பு. சாதாரண ராடு வைத்து வெல்ட் செய்தால் ஆறும்போதே ஓரத்தில் மயிரிழை விரிசல் விடும். வெல்ட் செய்வதற்கென்றே விற்கிற ஸ்டீல் ஹப்கள், கீவேயோடு தயாராகவே கிடைக்கின்றன. அவை கைக்கு எட்டினால் பாதி வேலை முடிந்தது.

குழாய் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்?

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டே ஆக வேண்டும். வீட்டில் செய்த ஹப்கள் பழுதாகும்போது பெரும்பாலும் முதலில் போவது வெல்ட் இல்லை, கீதான்.

கீ என்பது ஆக்சிலில் பாதியும் ஹப்பில் பாதியுமாக உட்காரும் சதுரக் கம்பித் துண்டு. எஞ்சினின் இழுவை முழுவதும் அதன் பக்கச் சுவர் வழியாகத்தான் ஹப்புக்குப் போகிறது. 22 இஞ்ச் டயர், அதன் மேல் 100 கிலோ சுமை, நல்ல பிடிப்புள்ள தரை என்று வைத்துக்கொள்வோம். பிடிப்பு 0.8 என்றால் டயர் வழுக்கத் தொடங்குவதற்கு முன் தரையை 785 நியூட்டன் விசையில் தள்ளும். டயரின் ஆரம் 0.279 மீட்டர். பெருக்கினால் ஆக்சிலில் முறுக்குவிசை 219 நியூட்டன் மீட்டர். இதே முறுக்கு வெறும் 9.5 மி.மீ ஆரத்தில் உள்ள கீக்கு வரும்போது 23,000 நியூட்டன், அதாவது 2.3 டன் எடைக்குச் சமமான விசை ஆகிவிடுகிறது.

இப்போது 4.76 மி.மீ கீயை 25 மி.மீ நீளத்துக்கு மட்டும் பிடித்திருந்தால், அதன் பக்கச் சுவரில் அழுத்தம் சுமார் 386 மெகாபாஸ்கல். மைல்டு ஸ்டீல் நிரந்தரமாக நசுங்கத் தொடங்குவது 250 அளவிலேயே. கீயோ கீவேயோ, எது மென்மையோ அது விரிந்துகொடுக்கும். நீளத்தை 50 மி.மீ ஆக்கினால் அழுத்தம் பாதியாகி 193-க்கு இறங்கிவிடும். வேறு எந்த மாற்றமும் செய்யாமல், நீளத்தை மட்டும் கூட்டியே கிடைக்கும் லாபம் இது.

எனவே முக்கால் இஞ்ச் ஆக்சிலில் கீ குறைந்தது 50 மி.மீ நீளத்துக்குப் பிடிக்கட்டும். ஆக்சிலில் கீவே அதைவிட நீளமாக ஓடினால் ஹப்பையும் அதற்கேற்ப நீட்டுங்கள். குறைவாகத்தான் ஓடுகிறது என்றால் அந்த வண்டிக்கு 22 இஞ்ச் டயர் வேண்டாம் என்பது என் கருத்து.

தட்டைக் குழாயின் எந்த இடத்தில் வைப்பது?

நீளத்துக்கு அடுத்தபடியாக யோசிக்க வேண்டியது இது. பலர் தட்டைக் குழாயின் வெளி முனையில் வைத்துப் பற்றவைக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், நட்டு மாட்டவும் வசதி. ஆனால் டயர் அத்தனை தூரம் வெளியே தள்ளிப்போய்விடும். ஆக்சிலின் வெளிப்பக்க பேரிங்கிலிருந்து டயரின் நடுக்கோடு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அந்த அளவுக்கு ஆக்சில் வளையும்.

100 கிலோ சுமை, 100 மி.மீ தள்ளல், 19.05 மி.மீ ஆக்சில் என்றால் வளைவு அழுத்தம் சுமார் 145 மெகாபாஸ்கல். தள்ளல் 150 மி.மீ ஆனால் 217. இது வண்டி சும்மா நிற்கும்போது. ஒரு குழியில் விழுந்து எழும்போது சுமை மூன்று மடங்கு ஆகிறது என்று வைத்தால் 145 என்பது 434 ஆகிவிடும். போதாதற்கு ஆக்சில் சுழல்கிறது. கீழே இழுபட்ட இடம் அரைச் சுற்றில் மேலே வந்து நசுங்குகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் இழுப்பும் நசுக்கலும் மாறி மாறி வருவதால், அதே அழுத்தத்தை ஒருமுறை தாங்குகிற இரும்பு லட்சம் முறை தாங்காது. அப்படிப் போகும் ஆக்சில், பேரிங் பக்கத்திலோ கீவே முடிகிற இடத்திலோ முறியும்.

தட்டை உள் முனையில் வைத்துவிட்டுக் குழாய் ரிம்மின் நடு ஓட்டை வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி செய்யுங்கள். கீ பிடிக்கும் நீளமும் கிடைக்கும், டயரும் உள்ளே அடங்கும். இதற்கு இரண்டு விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும். ரிம்மின் நடு ஓட்டையில் குழாய் தாராளமாக நுழைய வேண்டும். தட்டுக்குப் பின்னால் போல்ட் தலைகள் ஆக்சில் உறையிலோ பிரேமிலோ உரசக் கூடாது. டயரின் உள் சுவருக்கும் பிரேமுக்கும் இடையே ஒரு விரல் நுழையும் அளவு இடமாவது இருக்கட்டும். சேறு அப்பும்போது அந்த இடமும் குறையும்.

1 இஞ்ச் ஆக்சில் உள்ளவர்கள் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள். வளைவைத் தாங்கும் திறன் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுவதால், முக்கால் இஞ்சைவிட அது 2.37 மடங்கு வலு.

லேத் இருக்கிறது. எந்த வரிசையில் வேலை செய்வது?

முதலில் குழாய்க்குக் கம்பியை அறுத்து, உள்துளையை அரை மி.மீ சிறியதாக விட்டு வையுங்கள். தட்டை அறுத்துக் குழாயோடு வெல்ட் செய்யுங்கள். நன்றாக ஆறிய பிறகு லேத்தில் பிடித்து, ஒரே செட்டிங்கில் உள்துளையை இறுதி அளவுக்கு எடுத்து, தட்டின் முகத்தையும் ரிம்மின் நடு ஓட்டையில் உட்காரும் உதட்டையும் கடைந்துவிடுங்கள். சக்கிலிருந்து (லேத்தில் பொருளைப் பிடிக்கும் பகுதி) கழற்றித் திருப்பிப் பிடித்தால் மையம் போய்விடும். முன்பே அளவாகத் துளைத்துவிட்டுப் பிறகு வெல்ட் செய்தால், சூட்டில் குழாய் சுருங்கி ஆக்சிலில் பாதி தூரம் போய் நின்றுகொள்ளும்.

உள்துளை ஆக்சிலைவிட 0.02 முதல் 0.05 மி.மீ பெரியதாக இருந்தால் போதும். கையால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், குறுக்கே ஆட்டினால் ஆடக் கூடாது. முக்கால் இஞ்ச் ரீமர் (துளையைத் துல்லிய அளவுக்கு எடுக்கும் டூல்) இருந்தால் 18.5-க்குத் துளைத்து ரீமர் விடுவது சுலபமான வழி.

கீவேயை ஸ்லாட்டிங் மெஷினில் கொடுத்து வெட்டுவது சிறந்தது. புரோச் (பள்ளம் வெட்டும் பல்வரிசை டூல்) இருந்தால் இன்னும் விரைவு. இரண்டும் இல்லாவிட்டால் லேத்திலேயே முடியும். கீயின் அகலத்துக்கு ஒரு டூலைத் தீட்டி, ஸ்பிண்டிலைப் பூட்டிவிட்டு, டூலைத் தாங்கும் சேடிலை முன்னும் பின்னும் தள்ளி, தடவைக்கு 0.05 மி.மீ வீதம் சுரண்டி எடுக்கலாம். பொறுமைக்குச் சோதனை, ஆனால் நடக்கும். ஆழம் கீயின் பாதி, அதாவது 2.4 மி.மீ, அதோடு மேலே 0.1 மி.மீ போல இடைவெளி. கீ பக்கங்களில் இறுக்கமாகவும் மேலே லேசாகவும் இருக்க வேண்டும். மேலே இறுகினால் ஹப்பை ஒரு பக்கமாகத் தள்ளி மையத்தைக் கெடுத்துவிடும்.

லேத் இல்லை. ஆங்கிள் கிரைண்டரும் வெல்டிங் மெஷினும்தான் இருக்கின்றன. முடியுமா?

முடியும். ஆனால் ஆக்சிலுக்குச் சரியாக உட்காரும் தடித்த குழாயைத் தேடிப் பிடிக்க வேண்டும். உள்விட்டம் அரை மி.மீ அதிகமாக இருந்தாலே சக்கரம் ஆடும், அதை எந்த வெல்டிங்கும் சரிசெய்யாது.

கீவேக்கு ஒரு குறுக்குவழி உண்டு. குழாயின் சுவரை முழு நீளத்துக்கும் கீயின் அகலத்தில் வெட்டித் திறந்துவிடுங்கள். கிரைண்டரால் குறைவாக வெட்டி, அரத்தால் ராவி, கீ இறுக்கமாக நுழையும்வரை கொண்டுவருங்கள். அப்புறம் வெட்டின் மேல் ஒரு பட்டைக் கம்பியை வைத்து இரு ஓரங்களையும் வெல்ட் செய்து மூடிவிடலாம். வெட்டிய குழாய் சூட்டில் மூடிக்கொள்ளப் பார்க்கும். அதனால் அதே விட்டமுள்ள ஒரு கம்பித் துண்டையும் கீயையும் உள்ளே வைத்துக்கொண்டுதான் வெல்ட் செய்ய வேண்டும். வண்டியின் ஆக்சிலையே அச்சாகப் பயன்படுத்த வேண்டாம். ஒட்டிக்கொண்டால் பிரித்தெடுக்க முடியாது, சூடு ஏறினால் ஆக்சில் சீலும் போய்விடும்.

இன்னொரு வழி, வண்டியின் பழைய ரிம்மிலிருந்து நடுக்குழாயை அறுத்தெடுப்பது. அளவும் கீவேயும் தயார். அதை அப்படியே தட்டில் பற்றவைக்கலாம். சில ரிம்களில் அந்தக் குழாய் மெல்லியதாக இருக்கும். அப்படியானால் மேலே இன்னொரு குழாயைச் சட்டை மாதிரி போட்டு இரு முனையிலும் வெல்ட் செய்துகொள்ளுங்கள். முதல்முறை செய்பவருக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான்.

வெல்டிங்கில் எதைக் கவனிக்க வேண்டும்?

வெல்டின் பலம் பற்றி ஆரம்பத்தில் எல்லோரும் பயப்படுகிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 38 மி.மீ குழாயைச் சுற்றி ஒரு பக்கம் மட்டும் 6 மி.மீ மூலை வெல்ட் போட்டாலே, மேலே சொன்ன 219 நியூட்டன் மீட்டர் முறுக்குக்கு அதில் வரும் அழுத்தம் 25 மெகாபாஸ்கலைத் தாண்டாது. தட்டின் இரு பக்கமும் போட்டால் வளைவுக்கும் சேர்த்துத் தாராளம். பிரச்சினை வெல்ட் உண்மையிலேயே உள்ளே இறங்கியிருக்கிறதா என்பதில்தான். 10 மி.மீ தட்டின் மேல் குறைந்த ஆம்பியரில் ஓட்டினால், மேலே அழகான மாலை மாதிரி உட்கார்ந்திருக்கும், அடியில் இரும்பு உருகியே இருக்காது. துளையின் ஓரத்தைச் சாய்வாகச் சீவிவிட்டு, நல்ல ஆம்பியரில் போடுங்கள்.

கோணல் விழாமல் இருக்க, முதலில் எதிரெதிராக நான்கு டேக் (சிறிய புள்ளி வெல்ட்). குழாயை அச்சுக்கம்பியில் மாட்டிச் சுற்றிப் பார்த்து, தட்டு ஆடினால் அந்த டேக்கைச் சுத்தியால் தட்டிச் சரிசெய்யலாம். இந்தக் கட்டத்தில்தான் திருத்த முடியும், முழு வெல்ட் விழுந்த பிறகு முடியாது. பிறகு கால் வட்டம் இங்கே, எதிர்ப்பக்கம் கால் வட்டம், நடுவில் ஆற விட்டு, இப்படியே முடிக்க வேண்டும்.

மூன்று எச்சரிக்கைகள். துத்தநாகம் பூசிய இரும்பு என்றால் வெல்ட் செய்யும் இடத்தில் பூச்சை முழுதாகச் சுரண்டி எடுத்துவிடுங்கள், அந்தப் புகை காய்ச்சலும் நடுக்கமும் வரவைக்கும். டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் ஒருபோதும் வெல்ட் செய்யாதீர்கள். காற்றை இறக்கிவிட்டாலும் சரி, ரப்பர் சூடாகி உள்ளே வாயு கட்டினால் வெடிக்கும், அதில் உயிர் போயிருக்கிறது. வண்டியில் எங்காவது வெல்ட் செய்ய நேர்ந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை வெல்ட் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். தள்ளி மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து குண்டுகளில் புள்ளி விழும்.

தட்டில் துளைகளை எப்படிச் சரியாகக் குறிப்பது?

4×110-க்கு, 55 மி.மீ ஆரத்தில் டிவைடரால் வட்டம் கீறுங்கள். பிறகு டிவைடரை 77.8 மி.மீ-க்கு விரித்து வட்டத்தின் மேல் ஒரு புள்ளியிலிருந்து சுற்றி நடத்துங்கள். நான்காவது அடி தொடங்கிய புள்ளியிலேயே வந்து விழ வேண்டும். விழாவிட்டால் விரிவைத் திருத்தி மறுபடி நடத்துங்கள். 110-ஐ 0.7071-ஆல் பெருக்கியதுதான் 77.8, வேறு பிசிடிக்கும் இதே பெருக்கல். ஐந்து துளைக்கு 0.5878. பிறகு சென்டர் பஞ்ச், 3 மி.மீ பைலட் துளை, அதன் பின்னரே பெரிய டிரில்.

ரிம்மையே தட்டின் மேல் வைத்துத் துளைகளைப் பென்சிலால் வரைவதும் வழக்கம். ஏடிவி ரிம்மின் துளை கூம்பாக அகன்றிருப்பதால் பென்சில் கோடு ஒரு மி.மீ அங்கே இங்கே போய்விடும். துளைக்குச் சரியாக நுழையும் பஞ்ச் இருந்தால் மட்டும் அப்படிச் செய்யுங்கள்.

ஸ்டட்டா, போல்ட்டா?

10 மி.மீ தட்டு என்றால், தட்டில் எம்10 மரை வெட்டி, பின்பக்கத்திலிருந்து 10.9 தர (அதிக வலுவுள்ள) போல்ட்டை முறுக்கித் தலை தட்டில் உட்காரும்வரை இறுக்கி, மரைப் பசை போட்டுவிட்டால் அது ஸ்டட் ஆகிவிடும். முன்னால் ரிம், அதன் மேல் கூம்பு நட்டு. கூம்பு துளையுள்ள ரிம்முக்குத் தட்டையான நட்டும் வாஷரும் போடக் கூடாது. ரிம்மை மையத்தில் உட்கார வைப்பதே அந்தக் கூம்புதான். போல்ட் தலையைத் தட்டோடு வெல்ட் செய்கிறார்கள், எனக்கு அது பிடிக்காது. சூட்டில் 10.9 தரத்துக்கான பதம் போய்விடும், பிறகு அதிக விலை கொடுத்து நல்ல போல்ட் வாங்கியதற்கே அர்த்தமில்லை.

இறுக்கம், ரிம் செய்தவர் எண் கொடுத்திருந்தால் அதுவே. இல்லாவிட்டால் ஸ்டீல் ரிம்மில் எம்10-க்கு 45 நியூட்டன் மீட்டர், எம்12-க்கு 80 என்ற சுமாரான அளவில் வைத்துக்கொள்ளலாம். எதிரெதிராக இறுக்குங்கள்.

தட்டு கொஞ்சம் ஆடினால் பரவாயில்லையா?

தட்டின் முகத்தில் டயல் கேஜ் வைத்துப் பார்க்கும்போது போல்ட் வட்டத்தில் அரை மி.மீ ஆட்டம் என்றால், 22 இஞ்ச் டயரின் விளிம்பில் அது இரண்டரை மி.மீ. மெதுவாக ஓடும் சேற்று வண்டிக்கு அதுவரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டாம். டயல் கேஜ் இல்லையென்றால், அசையாத ஏதாவது ஒன்றில் ஒரு கம்பியைக் கட்டி, நுனி தட்டை லேசாகத் தொடும்படி வைத்துவிட்டு ஆக்சிலைச் சுற்றுங்கள். எங்கே உரசுகிறது, எங்கே விலகுகிறது என்பது கண்ணுக்கே தெரியும். விலகும் இடத்தில் பீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்தால் எண்ணும் கிடைத்துவிடும்.

ஆக்சில் முனையில் பழைய கிளிப்பே போதுமா?

புல்வெளியில் நேராக ஓடும்வரை போதும். பக்கச்சரிவில் போகும்போது டயர் வெளிப்பக்கமாக இழுக்கும், அகலமான டயர் என்றால் இன்னும் அதிகம். அந்தச் சின்ன ஈ-கிளிப் அதற்காகச் செய்ததல்ல. ஆக்சிலின் முனையில் நடுவில் துளைத்து எம்8 மரையை 25 மி.மீ ஆழத்துக்கு வெட்டி, தடித்த வாஷரோடு ஒரு போல்ட் போடுங்கள். முனையில் வளைவு அழுத்தம் கிடையாது என்பதால் அங்கே துளைப்பது ஆக்சிலைப் பலவீனப்படுத்தாது. வாஷர் ஹப்பின் முகத்தை அழுத்த வேண்டும், ஆக்சில் முனையை அல்ல. அதற்காக ஹப் ஒரு மி.மீ வெளியே நீட்டியிருக்கட்டும்.

கீக்குப் பதிலாகக் குறுக்கே ஒரு போல்ட் போட்டால்? அல்லது ஆக்சிலோடு சேர்த்தே வெல்ட் செய்துவிட்டால்?

குறுக்குத் துளை ஆக்சிலின் முனையோரம் என்றால் கூடுதல் பாதுகாப்பாகப் போடலாம், கீக்குப் பதிலாக வேண்டாம். உள்பக்கம், பேரிங்குக்குக் கிட்டே போட்டால் ஆக்சில் முறிகிற இடத்தை நீங்களே குறித்துக் கொடுத்ததாகிவிடும். செட் ஸ்க்ரூ மட்டும் நம்பி ஓட்டுவது பேச்சுக்கே இல்லை. அது கீ நகராமல் பிடிக்கத்தான்.

ஆக்சிலோடு வெல்ட் செய்தால், பிறகு சீல் ஒழுகும்போது அதைக் கழற்றவே முடியாது. ஆக்சில் நடுத்தரக் கார்பன் எஃகாக இருந்தால் வெல்டுக்கு அடுத்த இடம் கெட்டியாகி உடையும் தன்மைக்கு வந்துவிடும். தவிர்த்துவிடுங்கள்.

அலுமினியத்தில் செய்யலாமா?

முழுக்கட்டியிலிருந்து கடைந்தெடுத்தால் செய்யலாம். 6061-டி6 நசுங்கத் தொடங்கும் அளவு மைல்டு ஸ்டீலுக்குக் கிட்டத்தட்டச் சமம். வெல்ட் செய்தால் அந்தப் பலத்தில் பெரும் பங்கு போய்விடும். சேற்றில் ஓடும் வண்டிக்கு எடை மிச்சம் என்பது பெரிய விஷயமும் இல்லை.

முன் சக்கர ஹப்பும் இதே மாதிரிதானா?

இல்லை. முன் சக்கரம் சும்மா சுழல்வது, அதற்குக் கீ கிடையாது, பேரிங் வேண்டும். புல்வெட்டிகளில் பல முன் சக்கரங்கள் பிளாஸ்டிக் அல்லது உலோகப் புஷ்ஷிலேயே ஓடுகின்றன. ஆஃப்-ரோடுக்கு அது சீக்கிரம் தேய்ந்து ஓவலாகிவிடும்.

முக்கால் இஞ்ச் ஸ்பிண்டிலுக்கு 6204-12 என்ற பேரிங் பொருந்தும். வெளி அளவு சாதாரண 6204-ன் 47×14 மி.மீதான், உள்துளை மட்டும் 19.05. 1 இஞ்ச் ஸ்பிண்டிலுக்கு 6205-16. இரு பக்கமும் ரப்பர் மூடியுள்ள வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு ஹப்புக்கு இரண்டு, எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. சக்கரம் சுழலும்போது வெளி வளையம் சுழல்வதால் அதுதான் ஹப்பில் இறுக்கமாக உட்கார வேண்டும். 47 மி.மீ துளையை 0.01 முதல் 0.03 மி.மீ குறைவாக எடுங்கள். உள்வளையம் ஸ்பிண்டிலில் கையால் நுழைந்தால் போதும்.

மறக்கக் கூடாத ஒன்று, இரண்டு பேரிங்கின் உள்வளையங்களுக்கு நடுவே ஒரு ஸ்பேசர் குழாய். அது ஹப்பின் உள்ளே பேரிங்குகள் முட்டி நிற்கும் படிகளுக்கு இடையிலான தூரத்தைவிட ஒரு இம்மி நீளமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியே நட்டை இறுக்க இறுக்க, பேரிங்கைப் பக்கவாட்டில் நசுக்கிக்கொண்டிருப்பீர்கள். கையால் சுற்றினாலே சொரசொரப்பாகத் தெரியும்.

டிரெய்லர் ஹப்பில் வருகிற டேப்பர் ரோலர் பேரிங் இன்னும் வலு. அதை நட்டால் இறுக்கிக்கொண்டே ஹப்பைச் சுழற்றி, பிறகு நட்டைச் சற்றுத் தளர்த்தி, பிடித்து ஆட்டினால் உணர முடியாத அளவு ஆட்டம் விட்டு ஸ்ப்ளிட் பின் போட வேண்டும்.

டிஃபரன்ஷியலை லாக் செய்துவிட்டேன். ஹப்பில் ஏதாவது மாற வேண்டுமா?

மாற வேண்டும். சாதாரண டிஃபரன்ஷியலில் (இரு பின் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் கியர் தொகுதி) ஒரு சக்கரம் வழுக்கினால் மறு சக்கரத்துக்கும் அதே அளவு முறுக்குதான் போகும். அதுவே ஒருவகைப் பாதுகாப்பு. லாக் செய்துவிட்டால், ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது முழு முறுக்கும் தரையில் உள்ள ஒற்றைச் சக்கரத்தின் கீ மேல் விழும், வண்டியின் எடையும் அந்தப் பக்கமே சாயும். மேலே 100 கிலோவுக்குப் போட்ட கணக்கை 150 கிலோவுக்குப் போட்டுப் பாருங்கள். 25 மி.மீ கீக்கு 386 என்பது 579 ஆகும். லாக் செய்த வண்டியில் முக்கால் இஞ்ச் ஆக்சிலை நான் நம்ப மாட்டேன்.

எவ்வளவு பெரிய டயர் போடலாம்?

18 இஞ்சிலிருந்து 22-க்குப் போனால் வேகம் 22 சதவீதம் கூடும், கியர் பெட்டி மேல் விழும் சுமையும் அதே அளவு கூடும், பிரேக்கின் பிடி அதே விகிதத்தில் தளரும். புல்வெட்டியின் பிரேக் ஏற்கெனவே சின்னது. புல்லியை மாற்றி வேகத்தையாவது பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். காற்றழுத்தத்தைக் குறைவாக வைத்தால், டயரே பாதி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஏடிவி டயர்கள் பொதுவாக 3 முதல் 7 பிஎஸ்ஐ-யில் ஓடுபவை. டயர் பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள்.

ஹப் சரியாக இருக்கிறதா என்று ஓட்டிய பிறகு எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் ஓட்டத்தை மெதுவாக, சமதரையில் வைத்துக்கொள்ளுங்கள். சில நிமிடங்களில் நிறுத்தி நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். புதுப் பெயின்ட் நசுங்கி இறுக்கம் தளர்வது சகஜம். தட்டும் ரிம்மும் சேரும் முகத்தில் பெயின்டே அடிக்காமல் விடுவது இன்னும் நல்லது.

பிறகு வண்டியைத் தூக்கி நிறுத்தி, கியரில் வைத்து, டயரைக் கையால் முன்னும் பின்னும் அசையுங்கள். கியர்களின் இடைவெளியால் இரண்டு பக்க டயரும் கொஞ்சம் அசையும், அது இயல்பு. ஹப் அசைந்து ஆக்சில் அசையாமல் நின்றால், அல்லது 'டக்' என்று ஒரு சத்தம் கீ பக்கத்திலிருந்து வந்தால், கீ தளர்ந்துவிட்டது. இன்னொரு அடையாளம், ஹப்பின் முனையில் ஆக்சிலைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத்தில் மாவு மாதிரி கசியும். தண்ணீர் பட்ட துரு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்காது, விரலால் தொட்டால் பவுடராக வரும். ஹப் உள்ளே நுணுக்கமாக அசைந்து இரும்பை அரைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போதே கழற்றிப் புதுக் கீயை இறுக்கமாக ராவிப் போட்டால் ஹப் தப்பிக்கும். கீவே விரிந்துவிட்டிருந்தால், ஹப்பில் எதிர்ப்பக்கம் 180 பாகையில் புதிதாக ஒன்று வெட்டிக்கொள்ளலாம். ஆக்சிலின் கீவே விரிந்திருந்தால் ஆக்சிலையே மாற்ற வேண்டியிருக்கும்.

வெல்டைச் சுற்றிச் சுத்தமாகத் துடைத்து, மயிரிழைக் கோடு எதுவும் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறை கழுவும்போதும் பாருங்கள். ஹப்பை ஆக்சிலில் மாட்டும்போது ஆன்டி-சீஸ் பசை (இரும்பும் இரும்பும் இறுகி ஒட்டாமல் காப்பது) தடவ மறந்தவர்களுக்கு, அடுத்த தடவை கழற்றும்போது புல்லரும் பெரிய சுத்தியலும் தேவைப்படும்.